விளக்கை அணைத்துக் காட்டிய சனி

ஷாங்கெங்கில் தெருவிளக்குகளை அணைத்து இரண்டு மாதம் ஆகிறது. நட்சத்திரம் தெரிய வேண்டுமாம். நட்சத்திரம் என்னவோ லியாவ் சின்ஷுய் பிறந்ததிலிருந்தே அந்த மலையில் தெரிந்துகொண்டுதான் இருக்கிறது. இப்போது தெரியாமல் போனது அவர் வீட்டுக்கு இறங்கும் கல்படிதான். அதில் உருண்டு இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டு, கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் கையைத் தூங்கவைத்தபடி திரிந்தார்.

கை போனால் போகிறது. அவர் மனைவி யூலான் முட்டைக்கோசு கட்டும் கொட்டகையில் வேலை முடித்து இருட்டிய பிறகுதான் வருவாள், அதே படியில். ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. இன்னொன்றில் இன்னும் இருக்கிறது. தினமும் லியாவ் மேலே போய்க் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டி வருவார். ஒற்றைக் கைக்காரர் ஒற்றைக் கண்காரியைக் கூட்டி வருவது பார்க்கச் சிரிப்பாக இருக்கும். பார்க்கத்தான் வெளிச்சம் இல்லை.

இந்த ஏற்பாடு ஊர்த்தலைவர் ஜியென் வென்பின்னுடையது. மாவட்ட அலுவலகம் ஷாங்கெங்கை 'இருட்டு ஊர்' என்று அங்கீகரித்துவிட்டால், நகரத்து ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து இருட்டுக்குக் காசு கொடுப்பார்களாம். வருகிறவர்கள் தங்க ஊரில் ஒரே ஒரு விடுதி. அது யாருடையது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு மாவட்டத்துச் சுற்றுலா அதிகாரி வந்து பார்க்கிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் விளக்குக் கம்பங்களையே பிடுங்கிவிடுவார்கள். லியாவுக்கு வேண்டியது ஒரே ஒரு கம்பம், படிக்குப் பக்கத்தில் நிற்பது. அதைக் கேட்கத்தான் கூப்பிடாத கூட்டத்துக்குப் போனார்.

கோயில் முன்வெளியில் ஜியென் தொலைநோக்கியை முக்காலியில் ஏற்றிக்கொண்டிருந்தார். வாய் நிறையப் பாக்கு. கையில் பொத்தான்கள் வைத்த ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து சுருள் கம்பி ஒன்று தொலைநோக்கிக்குப் போயிற்று.

"இது கம்ப்யூட்டர் மிஷின், பெரியப்பா. இந்தப் பெட்டிக்குள்ள நாப்பதாயிரம் நட்சத்திரம் இருக்கு."

"அப்ப எதுக்கு மேல பாக்கணும்? பெட்டிக்குள்ளயே பாத்துக்கிட்டு விளக்கப் போட்டு விடு."

"வெளையாடாதீங்க. பேரச் சொன்னாப் போதும், அதுவே திரும்பி அதுவே கண்டுபிடிச்சுக் காட்டும்."

"அப்ப நீ எதுக்கு?"

ஜியென் பாக்குச் சாற்றை ஓரமாகத் துப்பிவிட்டு வேலையைப் பார்த்தார். மாவட்டத்தில் ஒரு நாள் பயிற்சிக்குப் போய் வந்திருந்தார். காலையில் கவனித்தார், மதியம் டப்பாச் சாப்பாடு நன்றாக இருந்ததால் தூங்கிவிட்டார். ஆனாலும் மட்டக்குமிழைப் பார்த்து முக்காலிக் கால்களை ஏற்றி இறக்கினார், கைபேசியில் வடக்கு பார்த்தார், மூடியைக் கழற்றினார். கழற்றாமல் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தது அதற்கு முன்பு. பெட்டி ஆங்கிலத்தில் என்னென்னவோ கேட்டது. கேட்டதற்கெல்லாம் 'சரி' பொத்தானை அமுக்கினார். பயிற்சியில் அவர் மனத்தில் நின்ற பாடம் அதுதான்.

தேதி கேட்டபோது மட்டும் கொஞ்சம் தடுமாறினார்.

"வருஷத்துக்கு ரெண்டு கட்டந்தான் குடுத்திருக்கான். நூத்திப் பதினாலு எப்படிப் போடறது?"

"உன் மிஷின், என்னக் கேக்குற."

"நூறு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான. பதினாலு போதும்."

லியாவுக்கும் அதில் குற்றம் தெரியவில்லை. உர மூட்டையிலும் பால் டப்பாவிலும் வருஷம் என்று அந்த நூற்றுப் பதினான்குதான் அச்சடித்திருக்கிறது. மருத்துவமனையில் கைக்குக் கட்டுப் போட்டபோதும் அதைத்தான் எழுதினார்கள்.

பிறகு பெட்டி இரண்டு நட்சத்திரம் காட்டச் சொன்னது. ஜியென் நெசவுக்காரியைக் காட்டினார், மாட்டுக்காரனைக் காட்டினார். வானத்து ஆற்றுக்கு அக்கரையும் இக்கரையுமாகப் பிரிந்து நிற்கும் அந்தப் புருஷன் பெண்டாட்டியை ஊரில் எல்லோருக்கும் தெரியும். மிஷின் ர்ர்ரென்று திரும்பிச் சொன்ன இடத்தில் நின்றது. வேறு நட்சத்திரம் நாலைந்தைக் கேட்டுப் பார்த்தார், அதையும் சரியாகப் பிடித்தது. ஜியென் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார், ஏதோ அவர் பெற்றது போல.

நன்றாக இருட்டியதும் அதிகாரி வந்தார். கோ மேடம் என்பார்கள். கூடவே தைச்சுங் நகரத்திலிருந்து விடுதிக்கு வந்திருந்த விருந்தாளிகள், தடித்த மேலங்கிகளுக்குள் கையை விட்டுக்கொண்டு. எல்லோருக்கும் இஞ்சிக் கஷாயம் கொடுத்தார்கள். மேடம் இருட்டைப் புகழ்ந்து பேசினார். இருட்டு ஒரு செல்வம் என்றார், அது வருங்காலத்துக்குச் சேர வேண்டியது என்றார். பேசப் போகும்போது கால் இடறிவிடாமல் ஜியென் அவருக்குக் கைவிளக்கு அடித்தார்.

"இப்ப சனி," என்றார் ஜியென். "வளையத்தோட."

பொத்தானை அமுக்கினார். மிஷின் மேற்குப் பக்கமாகத் திரும்பி, மெல்ல மெல்ல மூஞ்சியைத் தாழ்த்தி, தண்ணீர் குடிக்கும் மாடு மாதிரி நின்றது. பெட்டியில் ஆங்கிலத்தில் ஏதோ எச்சரிக்கை வந்தது. ஜியென் 'சரி' கொடுத்தார். இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

"நட்சத்திரம் பள்ளத்துலயா கெடக்கு?" என்றார் லியாவ்.

"சனி சாயற நேரம், பெரியப்பா. மிஷினுக்குத் தெரியாதா?"

முதல் பார்வை மேடத்துக்கு. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். "வளையம் தெரியுது," என்றார். "ரொம்ப நல்லாத் தெரியுது. நிறங்கூடத் தெரியுதே."

அதிகாரி சொன்ன பிறகு யார் தெரியவில்லை என்பார்கள்? ஒருவர் பின் ஒருவராகக் குனிந்தார்கள். ஓர் அம்மாள் தங்கமாக ஜொலிக்கிறது என்றார். இன்னொருவர், படத்தில் பார்ப்பதைவிடப் பெரிதாக இருக்கிறது என்றார். ஒரு தாடிக்காரர் இரண்டு தரம் வரிசையில் வந்து, இரண்டாம் தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜியென் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சனியைத் தன் செலவில் வாங்கி வைத்தவர் மாதிரி நின்றார்.

லியாவ் வரிசையின் கடைசியில் போய் நின்றார். இது பிடித்துவிட்டது என்றால் கம்பம் போயிற்று. வரிசை முடிந்ததும், கேட்பதற்கு முன்னால் அந்தச் சனியனையும் ஒரு தரம் பார்த்துத் தொலைக்கலாம் என்று குனிந்தார்.

மஞ்சளாக ஒரு வளையம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கொஞ்சம் மங்கல். வளையத்துக்கு மேலே ஏதோ அசைந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"தலைவரே, சனியில யாராச்சும் குடியிருக்காங்களா?"

"நகருங்க பெரியப்பா, மேடம் இன்னொரு தரம் பாக்கணுமாம்."

"இல்ல, ஒரு பொம்பள தலைகீழா நின்னு கொடியில துணி எடுக்குறா. உன் சம்சாரம் மாதிரி இருக்கு. நீ தேர்தலுக்குப் போட்டுக்கிட்டு வந்தியே அந்த ஆரஞ்சு மேலங்கி, அத மடிக்கிறா."

ஜியென் சிரித்துக்கொண்டே குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. தாடை பாக்கு மெல்வதை நிறுத்தியது.

மற்றவர்கள் மிஷினை விட்டுவிட்டு, அது பார்த்துக்கொண்டிருந்த திசையில் வெறுங்கண்ணால் பார்த்தார்கள். கீழே, மலை வளையும் இடத்தில், ஜியென் விடுதியின் பெயர்ப்பலகை எரிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் வட்டமாக மஞ்சள் பல்புகள், அதற்குக் கீழே துணிக்கொடி; மிஷின்தான் எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டியிருக்கிறது. ஊர் முழுக்க அணைந்து கிடந்ததால் அது இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"அது வியாபாரப் பலகை, மேடம். தெருவிளக்குக் கணக்குல வராது."

மேடத்தின் முகம் இருட்டில் தெரியவில்லை. அவர் பேசிய அந்தச் செல்வம் முதல் தடவையாக அவருக்குப் பயன்பட்டது. பெட்டியை வாங்கிப் பொத்தான்களைத் தட்டினார்.

"பதினாலுன்னு போட்டிருக்கீங்க."

"நூத்திப் பதினாலுதானே மேடம்."

"அது நம்ம குடியரசு வருஷம். இது வெளிநாட்டு மிஷின், அதுக்கு இது ரெண்டாயிரத்து இருபத்தஞ்சு; பதினாலுன்னா ரெண்டாயிரத்துப் பதினாலுன்னு எடுத்துக்கும். பதினோரு வருஷத்துக்கு முந்தி சனி எங்க இருந்துச்சோ அங்க போய்த் தேடியிருக்கு. நட்சத்திரம் நகராது, அதனால அதெல்லாம் சரியா வந்திருக்கும். சனி ஊர் சுத்துற ஜாதி."

"பயிற்சியில இதச் சொல்லலையே."

"பயிற்சி எடுத்தது நான். சாப்பாட்டுக்கு அப்புறம் சொன்னேன்."

ஜியென் மனைவியைக் கைபேசியில் கூப்பிட்டார். கீழே வளையம் அணைந்தது. மேடம் வருஷத்தை மாற்றினார். மிஷின் ர்ர்ரென்று அரைவட்டம் திரும்பிக் கிழக்கே தலையைத் தூக்கியது. வரிசை மறுபடி நின்றது. அசல் சனி, பட்டாணி அளவு உருண்டை, நடுவில் பல்குத்தும் குச்சி செருகினது போல் ஒரு கோடு.

"வளையம் எங்க?" என்றார் தங்கம் என்று சொன்ன அம்மாள்.

"அந்தக் கோடுதான். இந்த வருஷம் வளையம் நமக்குப் பக்கவாட்டுல இருக்கு, அதான் மெலிசாத் தெரியுது," என்றார் மேடம்.

"முதல்ல பாத்ததுதான் நல்லா இருந்துச்சு."

"பதினாலுன்னே போட்டு விடுங்களேன்," என்றார் தாடிக்காரர்.

கொட்டகை விடும் நேரம் ஆகிவிட்டது. லியாவ் ஜியென் முன்னால் போய் நின்றார்.

"வென்பின், விளக்கப் போடு."

"முடியட்டும் பெரியப்பா, ஒரு அரை மணி நேரம்."

"உன் சம்சாரம் துணி மடிக்க வெளிச்சம் இருந்துச்சு. என் சம்சாரம் படி எறங்கி வரணும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. வரிசையில் நின்ற விருந்தாளிகள் அவருடைய கைக்கட்டைப் பார்த்தார்கள்.

மேடம் தொண்டையைச் செருமினார். "பெரியப்பா, விதியில விளக்க அணைக்கவே சொல்லல. வெளிச்சம் தரையில மட்டும் விழற மாதிரி மூடி போடணும், அவ்வளவுதான். தலைவரே, அப்படித்தானே சொன்னோம்?"

"மூடி இன்னும் வரலையே மேடம். அதுவரைக்கும் அணைச்சு வெச்சேன்."

"கம்பத்தப் பிடுங்கறது எல்லாம் கிடையாது. நான் சொல்றேன்."

லியாவ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த அம்மாள் இரண்டு மாதத்தில் இங்கே எத்தனை முறை வந்தார், பகலில். விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாரா? இருவரில் யாரை நம்பலாம் என்று யோசித்தார். யாரையும் நம்ப வேண்டியதில்லை என்று தெரிந்தது.

"போடு," என்றார்.

ஜியென் கோயில் சுவரில் இருந்த இரும்புப் பெட்டியைச் சாவி போட்டுத் திறந்து சுவிட்சைத் தூக்கினார். விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டி எரிந்தன. கூட்டத்திலிருந்து ஒரு முனகல் எழுந்தது. வானம் வெளுத்துப் போயிற்று. நெசவுக்காரி மட்டும் பிடிவாதமாக நின்றாள்.

லியாவ் நல்ல கையை நீட்டினார். "சாவி."

"என்னது?"

"மூடி வர்ற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். இல்லாட்டி நாளைக்கு உன் விருந்தாளிங்க எல்லாரையும் நானே கூட்டிப் போய் உன் பலகையக் காட்டுவேன், மிஷின் இல்லாமலே."

ஜியென் மேடத்தைப் பார்த்தார். மேடம் குனிந்து சனியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஜியென் இரும்புப் பெட்டியைப் பூட்டி, கொத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தார். லியாவ் அதைக் கைத்தொட்டிலுக்குள் போட்டுக்கொண்டு நடந்தார்.

யூலான் படியின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள், வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"யாரு செத்தா? எல்லா விளக்கும் எரியுது."

"யாரும் சாகல. பாத்து எறங்கு."

"நட்சத்திரம் காட்டுனாங்களாமே, பாத்தியா?"

"பாத்தேன். ஜியென் சம்சாரம் இன்னும் அந்த ஆரஞ்சு மேலங்கியத் தொவைச்சு வெச்சிருக்கா."

"அடுத்த தேர்தல் வருதுல்ல," என்றாள் யூலான், அது வானத்தில் எப்படித் தெரிந்தது என்று கேட்கக்கூடச் செய்யாமல். அவர் நீட்டிய கையை அவள் பிடிக்கவில்லை. தானாகவே இறங்கினாள், ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து.

பின்னாலிருந்து ஜியென் கூப்பிட்டார். "பெரியப்பா, அவங்க எறங்கியாச்சுன்னா அணைச்சிரலாமா?"

லியாவ் தொட்டிலுக்குள் விரலை விட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மனைவிக்குப் பின்னால் இறங்கிப் போய்க் கதவைச் சாத்தினார்.