வடைக்கு மட்டும் எதுவும் வரவில்லை

எழுந்தேன். பால் காய்ச்சினேன். காபி குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். சட்டை தேய்த்தேன். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தேன். டாலிகஞ்சில் மெட்ரோ ஏறி காளிகாட்டில் இறங்கினேன். பத்மநாபன் மாமாவிடம் அவருடைய மெஸ்ஸின் இணையப் பக்கத்தைக் காட்ட வேண்டும். ஊரில் பூஜைக் கூட்டம் தொடங்குமுன் பக்கம் வெளியாக வேண்டும்.

என் மனைவி ஸ்மிதாவும் நானும் சேர்ந்து தொடங்கிய வேலை அது. படங்களை அடுக்குவது அவள், பக்கத்தை இயங்கவைக்கும் ஸ்கிரிப்ட் எழுதுவது நான். 2009இல் அது புது வழக்கம்: ஒவ்வொரு படத்தின் நிரல்வரியிலும் நமக்கு வேண்டிய தகவலை ஒட்டிவைக்கலாம். பார்ப்பவருக்குத் தெரியாது. பிறகு எழுதும் ஸ்கிரிப்ட், மவுஸ் படத்தின்மேல் வந்ததும் அதை எடுத்துக் காட்டும். காரம் எவ்வளவு, வெங்காயம் உண்டா என்று இருக்க வேண்டிய இடத்தில், சோதித்துப் பார்ப்பதற்காக ஸ்மிதா மனம்போனபடி ஆங்கிலத்தில் எழுதிவைத்திருந்தாள். ஜூலையில் அவள் போய்விட்டாள். ஸ்கிரிப்டை முடித்தேன். அவள் வரிகளை மாற்றக் கோப்பைத் திறப்பேன், மாற்றாமலே மூடுவேன். மாமா அழிக்கச் சொன்னால் அழித்துத்தான் ஆக வேண்டும்.

மெஸ் கம்ப்யூட்டரில் மாமா மவுஸை ரசத்தின் படத்தின்மேல் கொண்டுபோனார். சின்னப் பெட்டி ஒன்று திறந்தது. ‘ஜலதோஷக்காரர்களுக்கு. மற்றவர்கள் கைக்குட்டையுடன் வரவும்.’

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். தயிர்சாதத்துக்கு, ‘மேனேஜரோடு சண்டை போட்ட நாளில்.’ அவர் மனைவி அனந்தலக்ஷ்மி மாமி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். காபிக்கு, ‘மாமா போட்டால் வேண்டாம். மாமி வரும்வரை காத்திருக்கவும்’ என்று வந்தது. மாமி சிரிப்பை அடக்க முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“யாருடா எழுதினது?”

“ஸ்மிதா, மாமா. சும்மா சோதனைக்கு. எடுத்துடறேன்.”

மாமா மவுஸை மறுபடி காபியின்மேல் கொண்டுபோனார்.

“எதிர்ல நின்னுண்டு, மாமா காபி பிரமாதம்பாளே, கள்ளி. ஒண்ணையும் தொடாதே. அப்படியே போடு.”

மாமி மவுஸைப் பிடுங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். வடையில் எவ்வளவு அசைத்தும் பெட்டி திறக்கவில்லை. அதற்கு ஸ்மிதா எழுதியிருக்கவில்லை. அதற்குள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. மெஸ்ஸில் முதலில் தீர்ந்துபோவதே வடைதான், அதை அம்போவென்று விடலாமா, நீயே எழுது என்றார் மாமி. அவள் எழுதின மாதிரியே இருக்க வேண்டும் என்றார் மாமா.

எனக்கு அப்படியெல்லாம் எழுத வராது. ‘மிருதுவானது, பொன்னிறமானது’ என்று அடித்தேன்.

“வரன் தேடறியா, வடை விக்கறியா?” என்றார் மாமி.

அழித்தேன். பிறகு அவள் சொன்னதையே எழுதினேன். துக்கம் கேட்க வந்தவர்கள், கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தேன். ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளும்போது தலையைத் திருப்பிச் சொன்னாள். இணையப் பக்கத்தில் இப்போது அது ஆங்கிலத்தில் இருக்கிறது. அவள் தமிழில்தான் சொன்னாள்:

“வரச்சே மாமாகிட்ட ரெண்டு வடை வாங்கிண்டு வா. சட்னிய தனியா கட்டச் சொல்லு, இல்லேன்னா ஊறிப்போயிடும்.”