கோரையில் கட்டிய காப்பு

பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் கோயிலில் காப்புக் கட்டிய அன்று, ஆற்றுக் கோரைக்கும் ஒரு காப்புக் கட்டச் சொன்னது என் மதினி குருவம்மாள்தான். மஞ்சள் துணியில் வேப்பிலை வைத்து அவளே முடிந்தாள். காப்புக் கட்டியதில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

குண்டாற்றில் எங்கள் ஊருக்கு மேற்கே மட்டும்தான் கோரை நின்றது. அதன் காலடியில்தான் குடிதண்ணீர் ஊற்று. போன வருசம் எங்கள் ஊர்ப் பெரிய நிலக்காரர் வெள்ளத்துரை பாதிக் கோரையை அழித்துப் பருத்தி போட்டார். இன்ஜின் வைத்து இறைத்தார், மருந்தடித்தார். ஊற்றுத் தண்ணீரில் மருந்து வாடை வந்தது. மீதியை உழ வந்தவர், காப்பைப் பார்த்ததும் ஏரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பொங்கல் முடிந்து கோயில் காப்பை அவிழ்த்தார்கள். கோரைக் காப்பைத் தொடக் குருவம்மாள் விடவில்லை.

"ஆத்துல தண்ணி வரட்டும். அப்பறம் அவுக்கலாம்."

எல்லோரும் தலையாட்டினோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. காப்பு அவிழும்வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. நானும் என் பெண்சாதி பிச்சையம்மாளும் செங்கல் சூளைக்குக் கிளம்ப மூட்டை கட்டி வைத்திருந்தோம். போனால் மழைக்காலம்வரை அங்கேதான் படுக்கை.

மறுநாள் ஊர் மந்தைத் திடலில் கூடினோம். வெள்ளத்துரை என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏலே பால்ச்சாமி, என் ஏர நிறுத்துறேம்னு ஒங்க பொழப்ப நிறுத்திட்டீகளேடா!"

எனக்கும் அவிழ்த்துவிடலாம் என்றுதான் இருந்தது. "மதினி, பசிச்சா கோரையவா திங்க?" என்று குருவம்மாளிடம் கேட்டேன்.

"அவுத்துருங்க கொழுந்தனாரே, ஒங்க கையாலயே அவுத்துருங்க. சூளையில இருந்து வந்து எதக் குடிப்பீக?"

பிச்சையம்மாள் வீட்டுக்குப் போய் மூட்டையைப் பிரித்தாள்.

அன்றிலிருந்து காலை பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போய்ப் பஞ்சு மூடை தூக்கினேன். பொழுது சாயத் திரும்புவேன். சூளையிலாவது வேலை செய்த இடத்திலேயே படுக்கலாம். இங்கே மிச்ச உசிரும் பஸ்ஸில் போனது.

"டவுனுலயே ஒரு எடம் பாத்துப் படுக்க வேண்டியதுதான?" என்றார் கண்டக்டர்.

"ஊருல காப்புக் கட்டியிருக்குய்யா."

"ஆனி மாசத்துலயா?"

பஸ்ஸே சிரித்தது. வீட்டுக்கு வந்தால் பிச்சையம்மாள் செம்பில் ஊற்றுத் தண்ணீர் தருவாள். முகர்ந்து பார்த்துக் குடிப்பேன். வாடை இல்லை.

காத்துக் காத்து அலுத்த வெள்ளத்துரை, புரட்டாசியில் மேட்டுக்காட்டில் உரத்துக்கு ஆட்டுக்கிடை போட்டுக் குதிரைவாலி விதைத்தார். அதற்கு இன்ஜினும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

ஐப்பசியில் ஆறு செந்தண்ணீராக வந்தது. காப்பை அவிழ்க்கக் குருவம்மாள் என்னைத்தான் இறக்கினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, நைந்துபோன முடிச்சை அவிழ்த்துத் துணியை ஆற்றோடு விட்டேன்.

"பங்குனிக்குத் திரும்பக் கட்டுவீகளாக்கும்?" கரையிலிருந்து வெள்ளத்துரை கேட்டார்.

தோள்பட்டை விண்ணென்று வலித்தது. கோரையைப் பிடித்துக்கொண்டு கரையேறினேன்.

"கட்டணும்ல."

பிச்சையம்மாள் தலை துவட்டத் துண்டை நீட்டினாள்.

"அப்ப அந்தப் பஸ்ஸுதான்," என்றாள்.