சித்தப்பா வரும்வரை

கோபிகாவுக்கு ஊர் வைத்த பெயர் கசவாரம், கஞ்சப்பிசினாரி. இருபத்துநாலு வயதுக் குமர்ப்பிள்ளை, கூடப் படித்தவளவை மாதத்துக்கு ஒரு செருப்பு மாற்றும்போது, அறுந்ததைத் தைத்துத் தைத்தே போட்டுக்கொண்டு திரிந்தால் ஊர் வேறு எப்படிச் சொல்லும்? புத்தூரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஓட, இவள் வெயிலென்றும் மழையென்றும் பாராமல் சைக்கிள் உழக்குவாள். மத்தியானத்துக்கு வீட்டுப் புட்டும் சம்பலும். கோயில் திருவிழாவுக்குப் போனால் ஐஸ்கிரீம் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பாள். சொல்கிறவர்கள் சொல்லட்டும், ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? ஆனால் எதற்காக இப்படி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்கிறாய் என்று ஒரு மனிசராவது அவளைக் கேட்டிருக்கலாம்.

புத்தூர்ச் சந்தியில் சோமசேகரத்தாருக்கு ஒரு கடை அறை இருந்தது. ஒரு ஷட்டர், ஒரு மின்விசிறி, பின்பக்கம் ஒரு தண்ணீர்க் குழாய். அவ்வளவுதான். அதை எடுத்துத் தையல் கடை போடவேண்டும் என்பதுதான் கோபிகாவின் கனவு. பட்டணத்துத் தையல் கடையொன்றில் நாலு வருடமாகப் பிளவுஸ் தைக்கிறாள். கூறைச் சேலைக்குக் கல்லும் மணியும் வைத்துத் தைக்கும் பிளவுஸுக்கு முதலாளி வாங்குவது ஆறாயிரம். தைத்த கைக்குக் கிடைப்பது ஆயிரம். இந்த அநியாயத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் சேர்க்கத் தொடங்கினாள். கடைக்கு முற்பணம், ஒரு நல்ல மெஷின் எல்லாமாக நாலு லட்சம் வேண்டும். வங்கியில் அதற்குக் கிட்டமுட்ட வந்துவிட்டது.

"ஆவணி பிறக்கேக்கை காசைக் கொண்டு வா பிள்ளை," என்று சோமசேகரத்தார் சொல்லியிருந்தார். "அதுக்கு மேலை என்னாலை பொறுக்கேலாது. ஒரு பேக்கரிக்காரன் கேட்டுக்கொண்டு நிக்கிறான்."

ஆடிப்பிறப்பன்று வீட்டில் கூழ் காய்ச்சிக் குடித்தார்கள். மறுநாள் காலையில் ஆரோ ஒருவரின் வெங்காயத் தறைக்குக் கூலிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன அவளுடைய அப்பா தம்பிஐயா, வாய்க்கால் வரம்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியவர் எழும்பவில்லை.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். ஏழையின் கதை அப்படியில்லை. இருக்கும்வரை ஒரு சதத்துக்கும் ஒருத்தரும் மதிக்கமாட்டார்கள், செத்த பிறகுதான் லட்சக் கணக்கு.

தம்பிஐயாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. கோபிகா ஒருத்திதான். கொள்ளி வைக்க உரித்துள்ளவர் அவருடைய ஒரே தம்பி கேதீஸ்வரன், கனடாவில் இருக்கிறார். செய்தி போய்ச் சேர்ந்த கையோடு அழைப்பு வந்துவிட்டது. தொலைபேசிக்குள் அவர் குழறி அழுதது முற்றம் முழுக்கக் கேட்டது.

"அண்ணையை எடுத்துப்போடாதேங்கோ! நான் வாறன். நான் வந்துதான் கொள்ளி வைப்பன். செலவைப் பற்றி ஒண்டும் யோசியாதை பிள்ளை, எல்லாம் நான் பாப்பன்."

கோபிகா அம்மாவை அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். "அம்மா, கனடாவிலையிருந்து வர எத்தினை நாளாகுமோ தெரியாது. பெரியம்மாவின்ரை மகன் செந்தூரன் அண்ணை நிக்கிறார். அவரைக் கொள்ளி வைக்கச் சொல்லிப்போட்டு நாளைக்கே எடுப்பம்."

இரத்தினம்மா மகளைப் பார்த்த பார்வையில் கண்ணீர் இல்லை. "கூடப் பிறந்தவன் உயிரோடை இருக்கேக்கை வேறை ஆரும் கொள்ளி வைக்கிறதோ? என்ன கதை கதைக்கிறாய்? காசு காசு எண்டு உன்ரை நெஞ்சும் காசாய்ப் போச்சுதோடி?"

பெற்ற தாயே ஊரின் வாயால் பேசிவிட்ட பிறகு பிள்ளை என்ன சொல்வாள்? எழும்பி வெளியே வந்தாள்.

சவப்பெட்டியும் செத்தவீட்டுச் சாமானும் கொடுக்கும் மலர்ச்சாலைக்காரர் கொலின்ஸ் வந்தார். நல்ல மனிசன், ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். "தங்கச்சி, மருந்து ஏத்தினால் எத்தினை நாளெண்டாலும் வைக்கலாம். ஆனால் நாள் கூடக் கூடக் காசும் கூடும். எனக்கு முற்பணம் இப்பவே வேணும்." தொலைபேசி வீடியோவில் நின்ற சித்தப்பாவைக் கோபிகா பார்த்தாள்.

"நீ இப்ப குடு பிள்ளை. நான் வரேக்கை கையோடை கொண்டு வாறன். காசு அனுப்பிற உண்டியல்காரனுக்கு ஏன் வீணாய்க் கொமிஷன் குடுப்பான்? காசைப் பாத்துத்தானே செலவழிக்கவேணும்?"

சிக்கனத்தைப் பற்றி ஆர் ஆருக்குப் புத்தி சொல்கிறார் பாருங்கள்! கோபிகா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் காசு எடுத்துக்கொண்டு வந்தாள்.

பெட்டியைத் தெரிவு செய்ததும் சித்தப்பாதான். கொலின்ஸ் ஒவ்வொரு படமாகக் காட்ட, "உது வேண்டாம், உது பலகைப் பெட்டி மாதிரிக் கிடக்கு. அங்காலை கண்ணாடி வைச்சதைக் காட்டுங்கோ" என்று கனடாவிலிருந்து உத்தரவு வந்தது. கிழிந்த பாயில் படுத்து எழும்பிய தம்பிஐயா தேக்குப் பெட்டிக்குள் வெள்ளைப் பட்டு வேட்டியோடு கிடந்தார். பந்தலும் கதிரையும் நாள் வாடகை. வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி, சோடா, வெற்றிலை. தேத்தண்ணி இருக்கிற இடத்தில் சனம் குறையுமா? உயிரோடு இருக்கும்போது தம்பிஐயாவின் படலையைத் திறந்து பார்க்காதவர்களெல்லாம் நாளுக்கு இரண்டுதரம் துக்கம் விசாரிக்க வந்தார்கள். கனடாவுக்குக் காட்ட நேரலைக்காரன் வேறு கமராவைக் கொண்டுவந்து தலைமாட்டில் நட்டுவிட்டான்.

சித்தப்பா டிக்கெட் போட்டாச்சு என்றார். பிறகு, அந்த விமானத்தில் இடமில்லையாம், அடுத்ததில் வாறன் என்றார். அடுத்ததும் போய்விட்டது. கோபிகா அப்பாவின் தலைமாட்டில் இருந்தபடி கதிரை வாடகையை மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் தன்னிலேயே அவளுக்கு அருவருப்பு வந்துவிட்டது. சீ, அப்பாவின் முகத்தைப் பார்த்து அழக்கூட எனக்கு வழியில்லாமல் செய்துவிட்டார்களே என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அப்பாவுக்காகவா காசுக்காகவா என்று அவளுக்கே பிடிபடவில்லை. பார்த்தவர்கள், பிள்ளைக்கு இப்பதான் நெஞ்சு இளகியிருக்கு என்றார்கள்.

கடைசியில் தொலைபேசி வந்தது. "லீவு குடுக்கிறாங்களில்லை பிள்ளை. இஞ்சத்தைச் சீவியம் உங்களுக்கு விளங்காது. நீங்கள் எடுங்கோ. நான் லைவிலை பாக்கிறன்."

முதல் நாளே வைத்திருக்கவேண்டிய கொள்ளியை அதே செந்தூரன் வைத்தான். பெண்கள் படலையோடு நின்றுவிட்டார்கள். கோபிகா வீட்டைக் கழுவினாள். வங்கியில் இருந்ததில் பாதி போயிருந்தது.

போனதை உழைத்துப் பிடிக்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. பட்டணத்து முதலாளி தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். "ஆவணிக் கலியாணத்துக்கு மலைபோலை துணி வந்து கிடக்குத்தான் பிள்ளை. ஆனால் நீ முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிச்சு வா. செத்தவீட்டுத் தீட்டோடை ஒரு துடக்குக்காரி கூறைப் பிளவுஸ் தைக்கிறாள் எண்டு பொம்பிளை வீட்டுக்காரர் அறிஞ்சால் துணியைத் திருப்பிக்கொண்டு போயிடுவினம்." வருடத்தில் நாலு காசு கூடப் பார்க்கிற மாதம் அது. அந்த மாதம் முழுவதும் அவள் சும்மா இருந்தாள்.

என்றாலும் கோபிகா விடவில்லை. சோமசேகரத்தாரிடம் போனாள். துடக்கு என்று உள்ளே போகாமல் படலைக்கு வெளியே நின்றே கேட்டாள். அவர் முகவாயைச் சொறிந்தார்.

"சரி, தகப்பனில்லாத பிள்ளை. பாதி முற்பணம் தா. மிச்சத்தை மாசாமாசம் பிடிப்பம். ஆனால் அந்தியேட்டி முடிஞ்ச அடுத்தநாள் காசு என்ரை கையிலை இருக்கவேணும். அதுக்குப் பிறகு என்னைக் குறை சொல்லப்படாது."

பழைய மெஷின் ஒன்று வாங்கினால் போதும், முதலில் பிளவுஸ் மட்டும் தைக்கலாம். மிஞ்சியிருந்த காசு அதற்குச் சரியாக வரும். வீட்டுக்கு வரும்போது அவளுக்குச் சைக்கிள் தன்பாட்டில் ஓடுவது போல இருந்தது. இனி இருக்கிறதில் ஒரு சதம் தொடக்கூடாது, தொட்டால் கடை இல்லை.

வீட்டில் அம்மா தொலைபேசியில் சித்தப்பாவோடு கதைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்றுக்கு ஊருக்கே சாப்பாடு கொடுக்கவேண்டுமாம். அண்ணரின் படத்தோடு கல்வெட்டு என்று நினைவுப் புத்தகம் அடிக்கவேண்டுமாம், அதுவும் கலரில், தடித்த தாளில். தேவாரமும் புலம்பலும் வம்சாவழியும் எல்லாம் வரவேண்டுமாம். அம்மா எல்லாவற்றுக்கும் ஓம் தம்பி, ஓம் தம்பி என்றாள்.

கோபிகா தொலைபேசியை வாங்கினாள். "சித்தப்பா, செத்தவீட்டுக் காசே இன்னும் வரேல்லை."

 அந்தப் பக்கத்தில் வெடித்தது. "என்னை நம்பேல்லையோ? அண்ணை செத்துச் சாம்பல் ஆற முதல் காசுக் கதையோ? நான் இஞ்சை ரெண்டு வேலை செய்யிறன், தெரியுமோ? ஆர் வளத்த பிள்ளை நீ?"

இரத்தினம்மா பறித்து வாங்கி, "சின்னப்பிள்ளை தம்பி, மனசிலை வைச்சிருக்காதேங்கோ" என்று மன்றாடினாள். அடுத்த கிழமை கனடாவிலிருந்து இருபதாயிரம் ரூபா வந்தது. அதற்குள் அம்மா சமையல்காரனுக்குச் சொல்லி, அச்சகத்துக்குச் சொல்லி, ஊருக்கும் சொல்லி முடித்திருந்தாள். உரலுக்குள் தலையைக் கொடுத்துவிட்டு உலக்கைக்குப் பயப்பட்டு என்ன?

"நான் தரமாட்டன் அம்மா. அது கடைக்காசு. தாலிக்கொடியும் எப்பவோ அடகிலை மூழ்கிப்போச்சு. இனி எங்களிட்டை வேறை ஒண்டுமில்லை."

இரத்தினம்மா சண்டை பிடிக்கவில்லை. அடுப்படியில் நிலத்தில் இருந்தாள். "கடைசிப் பந்தியிலைதான் பிள்ளை அந்தாளை இருத்திறவை. கலியாணவீட்டிலையும் செத்தவீட்டிலையும் கூலிக்காரன் எண்டு. எல்லாரும் திண்டு முடிய, குழம்பும் முடிய, அடிச்சட்டியை வழிச்சுத்தான் ஊத்துவினம். ஒருநாள் ஒரு சொல் சொன்னவரில்லை, திண்டுபோட்டு எழும்பி வருவார். ஒருக்காலெண்டாலும் அந்தாளின்ரை பேரிலை இந்த ஊர் முதல் பந்தியிலை இருந்து சாப்பிடட்டும். நீ இளம்பிள்ளை, திரும்பச் சேப்பாய். அந்தாளுக்கு இனி ஒரு நாள் வருமோ?"

அடிச்சட்டிக் குழம்போடு எழும்பி வந்த அப்பாவைக் கோபிகாவும் கண்டிருக்கிறாள். கைகழுவிவிட்டு, நல்ல சாப்பாடு என்று சிரிப்பார். வங்கி அட்டையை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

அந்தியேட்டியன்று விடிய கீரிமலைக்குப் போய்க் கிரியை முடித்து வந்தார்கள். மத்தியானம் பந்தி. வடையும் பாயசமும் பதினொரு கறியும். சாப்பிட்டு எழும்பினவர்களுக்கு ஒரு சில்வர்க் கிண்ணமும் கல்வெட்டும். முன்மட்டையில் அப்பா. அதைத் திருப்பினால் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகச் சித்தப்பா. படத்துக்குக் கீழே, அன்புத் தம்பி கேதீஸ்வரன் குடும்பத்தின் பூரண அனுசரணையில் என்று சிவப்பெழுத்து. படத்தையும் வாசகத்தையும் அச்சகத்துக்கு அவர் நேரடியாக அனுப்பியிருக்கிறார்.

"தம்பியெண்டால் உவன்தான் தம்பி!" என்றார் ஒருவர், வடையைப் பிய்த்தபடி. "இஞ்சை இருக்கிறதுகள் செய்யுமோ இப்பிடி?"

பாயசம் ஊற்றிக்கொண்டுவந்த கோபிகாவை ஒரு கிழவி பார்த்துச் சிரித்தாள். "நீயும் ஏதேன் போட்டனியோ பிள்ளை? இல்லாட்டி வழக்கம் போலைதானோ?" பந்தியே சிரித்தது.

கோபிகா வாயைத் திறந்தாள். பின்னால் அப்பளத்தோடு வந்த அம்மாவின் விரல்கள் அவளுடைய முழங்கையை இறுக்கிப் பிடித்தன. "சொல்லிப்போடாதை," என்று காதுக்குள் கேட்டது. "அந்தாளுக்கு ஆருமில்லை எண்டு நினைப்பினம்." கோபிகா அடுத்த இலைக்குப் போனாள்.

அடுத்த இலை சோமசேகரத்தாருடையது. "நாளைக்குக் காசோடை வருவாய்தானே பிள்ளை?"

"இல்லை ஐயா. பேக்கரிக்காரனுக்கே குடுங்கோ."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன்? எல்லாம் சித்தப்பா செய்திருக்கிறாரே. உன்ரை காசு அப்பிடியே கிடக்குமே?" அவள் குனிந்து பாயசத்தை ஊற்ற, அவருடைய முகம் மாறியது. "இரக்கப்பட்டு நான் விலையைக் குறைச்சால், நீ இன்னும் குறைக்கப் பாக்கிறியோ? சும்மாவோ உன்னைக் கசவாரம் எண்டு சொல்லுகினம்?" பாயசத்தை வழித்துக் குடித்துவிட்டு எழும்பிப் போனார்.

சனம் போன பிறகு, பெரிய சட்டிகளைக் கிணற்றடியில் போட்டு உரஞ்சிக்கொண்டிருக்கும்போது சித்தப்பாவின் அழைப்பு வந்தது. அம்மா எல்லாரும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாள். எல்லாரும் என்றால் அங்கே கோபிகாதான் இருந்தாள்.

"வீடியோ பாத்தனான் மச்சாள். நல்லாய்ச் செய்திருக்கிறியள், இஞ்சை எல்லாரும் புகழுகினம். வருசம் முடிய வாற ஆட்டைத் திவசத்துக்கு நான் கட்டாயம் வருவன். அதை இதிலும் பெரிசாய்ச் செய்வம். பிள்ளை, நிக்கிறியோ? இப்பவே கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேத்து வை. நீ சேக்கிறதிலை கெட்டிக்காரியாமே?"

கோபிகாவின் கை சட்டிக்குள் நின்றது.

அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவளுடைய முகத்தில் அன்றுதான் சிரிப்பு வந்தது. "கேட்டியோ பிள்ளை? அடுத்த வருசம் வாறாராம்."