எழுபத்தெட்டுப் படியும் இரண்டு கையெழுத்தும்

ஊரில் பாதி லிஃப்ட் அவள் பேச்சைக் கேட்கும். எந்தக் கட்டடத்தில் எது மக்கர் செய்தாலும் முதலில் அடிப்பது அவள் போன்தான். அப்படிப்பட்ட லிஃப்ட் மெக்கானிக், வேலை முடிந்து கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போக எழுபத்தெட்டுப் படி ஏற வேண்டும். அவள் வாடகைக்கு இருந்த பழைய கட்டடத்தில் லிஃப்ட் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. முப்பத்தாறு வயதிலேயே முழங்கால் இரண்டும் அவளோடு சண்டை போடத் தொடங்கிவிட்டன.

"லிஃப்ட் இருக்கிற கட்டடத்துல நமக்குன்னு ஒரு வீடு. ரெண்டு ரூம் இருந்தாக்கூடப் போதுங்க," என்றாள் ஒருநாள் காலில் தைலம் தேய்த்தபடி.

"ம்," என்றார் கணவர்.

அந்த 'ம்' ஒன்றும் லேசுப்பட்டதில்லை. கண்ணாடிப் பலகைகள் ஏற்றிப் போகும் வண்டிக்கு அவர் டிரைவர். பத்தொன்பது வருடத்தில் அவர் வண்டியில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டது கிடையாது. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்து அடித்துக் கை வலித்துப் போவானே தவிர, இவர் வேகத்தைக் கூட்ட மாட்டார். கம்பெனியில் அவருக்கு 'நத்தை' என்று பெயர். வீட்டிலும் அதே பெயர்தான், கொஞ்சம் செல்லமாக.

அவர் அவளுக்கு வைத்த பெயர் 'நோண்டி'. சும்மா ஓடுகிற மின்விசிறியைக்கூடக் கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டுவாள். எதையும் திறந்து பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. வேலையில் அது அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. பணத்தில் காலை வாரியது.

வீட்டுக்கென்று மாதாமாதம் ஒதுக்கிய பணத்தை அவள் முதலில் போனில் ஒரு ஆப் வழியாகத்தான் போட்டாள். தேர்ந்தெடுத்தது நல்ல திட்டம்தான், இண்டெக்ஸ் ஃபண்டு. சந்தையின் பெரிய கம்பெனிகள் எல்லாவற்றிலும் பட்டியலில் உள்ளபடி கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொண்டு, அது பாட்டுக்குச் சும்மா இருக்கும் திட்டம். அது சும்மா இருந்தது. இவள் இருந்தாளா? வேலைக்கு நடுவே லிஃப்ட் மெஷின் ரூமில் உட்கார்ந்து ஆப்பைத் திறப்பாள். ஏறிப் பச்சையாக இருந்தால் ஒரு சிரிப்பு, இறங்கிச் சிவப்பாக இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி திறப்பாள். இறங்கினால் விற்றாள், ஏறினால் வாங்கினாள். இரண்டு மாதத்தில் நான்கு தடவை. கூட்டிக் கழித்துப் பார்த்தபோது போட்டதில் பத்தில் ஒரு பங்கைக் காணோம்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. என் கைதான் சரியில்ல," என்று கணவரிடம் ஒப்புக்கொண்டாள். ஆப்பை அழித்தாள்.

விஷயம் அண்ணன் காதுக்கு எப்படியோ போய்விட்டது. அண்ணன் முதலீட்டுத் திட்டங்கள் விற்கும் ஏஜென்ட். பளபளக்கும் காகிதங்களோடு மறுவாரமே வந்து உட்கார்ந்தான், எழுபத்தெட்டுப் படி ஏறிய இளைப்போடு.

"பாப்பா, இதுக்குத்தான் விவரம் தெரிஞ்சவன் வேணும்கிறது. எங்க திட்டத்துல பதினோரு பேர் உட்கார்ந்து யோசிக்கிறாங்க, எதை வாங்கலாம், எதை விக்கலாம்னு."

அவள் லிஃப்ட் கையேட்டைப் படிப்பதுபோல் அந்தக் காகிதங்களைப் பின்னாலிருந்து படித்தாள். கையேட்டில் முக்கியமானதெல்லாம் பின்பக்கம் பொடி எழுத்தில்தான் இருக்கும். இதிலும் இருந்தது. நூற்றுக்கு இரண்டேகால், வருடா வருடம், லாபமோ நஷ்டமோ கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். அவள் பார்த்து வைத்திருந்த இண்டெக்ஸ் ஃபண்டில் ஆயிரத்துக்கு ஒன்று. பணத்தையும் அந்த ஃபண்டு கம்பெனியிலேயே நேராகப் போட்டால் நடுவில் யாருக்கும் கமிஷன் இல்லை.

"இந்தப் பதினோரு பேருக்கும் நான்தான் சம்பளம் குடுக்கணுமா அண்ணா?"

"பின்னே? நீ போட்ட திட்டத்துல யோசிக்கவே ஆள் இல்லையே. ஓட்டறவன் இல்லாத வண்டியில ஏறுவியா நீ?"

"நீ தினம் ஏறுற," என்றாள். "உன் ஆபீஸ் எட்டாவது மாடி. லிஃப்டை யார் ஓட்டறா?"

அண்ணன் காகிதங்களை அடுக்கி எடுத்து வைத்துக்கொண்டான். மூலையில் உட்கார்ந்திருந்த நத்தை சத்தம் வராமல் சிரித்ததை அவள் பார்த்துவிட்டாள்.

அடுத்த விடுமுறை நாளில் கணவரையும் இழுத்துக்கொண்டு ஃபண்டு கம்பெனியின் அலுவலகத்துக்கே போனாள். கவுண்டரில் இருந்த பெண் வினோதமாகப் பார்த்தாள். "மேடம், எல்லாமே போன்லயே பண்ணிக்கலாமே. ரெண்டு நிமிஷம்."

"அதான் பயம். கையில இருந்தா நோண்டிடுவேன். காகிதத்துலயே குடுங்க."

மாதாமாதம் வங்கியிலிருந்து தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்தாள். கணக்கை இருவர் பேரிலும் வைத்தாள். எடுக்க வேண்டுமானால் இரண்டு கையெழுத்தும் வேண்டும் என்ற கட்டத்தில் தானே டிக் போட்டாள்.

வெளியே வந்ததும், "எதுக்கு என் கையெழுத்து?" என்று கேட்டார் கணவர்.

"லிஃப்டுக்கு மோட்டார் மட்டும் போதாதுங்க. பிரேக்கும் வேணும்."

"ம்."

ஐந்து வருடம் எந்த வம்பும் இல்லாமல் போனது. ஆறாவது வருடம் சந்தை சரிந்தது. சாதாரணச் சரிவு இல்லை. டீக்கடையில், பஸ்ஸில், டிவியில் அதே பேச்சு. ஆப் இல்லாவிட்டால் என்ன, அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். சேர்த்ததில் மூன்றில் ஒரு பங்கு கரைந்திருந்தது. அன்று படி ஏறும்போது ஐம்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் காரணமில்லை.

அண்ணன் வேறு விடாமல் போன் செய்தான். பாவம், அவனுக்கும் பயம்தான், அவன் வாடிக்கையாளர்கள் அவனைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். "பாப்பா, மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்திக்கோ. வெளிய வந்துடு."

மூன்று நாள் தாங்கினாள். நான்காம் நாள் அலுவலகத்துக்குப் போய்ப் பணம் எடுக்கும் படிவத்தை வாங்கி, நின்ற இடத்திலேயே நிரப்பி, தன் கையெழுத்தைப் போட்டுவிட்டாள். இன்னும் ஒன்றுதான் பாக்கி. மத்தியானச் சாப்பாட்டுக்காக மரநிழலில் வண்டியை நிறுத்தியிருந்த கணவரைத் தேடிப் போய், பக்கத்து சீட்டில் ஏறிப் படிவத்தை ஸ்டீயரிங் மேல் வைத்தாள். பின்னால் இரண்டு ஆள் உயரக் கண்ணாடிகள் சட்டங்களில் சாய்ந்து நின்றன.

"போடுங்க. பேனா இந்தாங்க."

அவர் கடைசி வரிவரை படித்தார். அவள் மூடியைக் கழற்றிப் பேனாவை அவர் கையில் திணித்தாள்.

"வீடு எப்ப வாங்கறோம்?" என்று கேட்டார்.

"இன்னும் ஆறேழு வருஷமாவது ஆகும்."

"உனக்கு வேலை இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும் இருக்கு. இந்தக் காசு நாளைக்கே எதுக்காச்சும் வேணுமா?"

"வேணாம். ஆனா போகுதேங்க! கண்ணெதிர்ல போகுதே!"

அவர் பேனாவை மூடினார். "லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டா, உள்ள மாட்டினவங்க உனக்குப் போன் பண்ணுவாங்களே. நீ அவங்ககிட்ட என்ன சொல்லுவ?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆயிரம் தடவை சொன்னது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

"சொல்லு."

"பெட்டிக்குள்ள இருக்கிறவரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள் முணுமுணுப்பாக. "கதவை நெம்பித் திறக்காதீங்க. குதிக்காதீங்க. குதிச்சவங்களுக்குத்தான் அடிபடும்."

"அவ்வளவுதான்."

"இது லிஃப்ட் இல்லீங்க. மறுபடி மேல ஏறலைன்னா?"

"ஏறலைன்னா இன்னும் பத்து வருஷம் படி ஏறுவோம். உன் பையை நான் தூக்கிட்டு வர்றேன்," என்றார். பதினைந்து வருடக் குடித்தனத்தில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. படிவத்தை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

அவளுக்கு அந்த நிமிடம் கோபமும் வந்தது. ஆத்திரத்தில் வண்டிக் கதவைப் படாரென்று சாத்தப் போனாள். பின்னால் கண்ணாடி இருக்கிற நினைவு வந்து மெல்லச் சாத்திவிட்டு நடந்தாள். சொன்னபடி அன்று சாயங்காலம் அவர் கீழே காத்திருந்து அவள் பையை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு ஒருநாளும் விடவில்லை.

சந்தை உடனே ஒன்றும் எழுந்துவிடவில்லை. பழைய இடத்துக்குத் திரும்பி வரவே இரண்டு வருடம் பிடித்தது. அந்த இரண்டு வருடமும் வங்கியிலிருந்து மாதப் பணம் தன் பாட்டுக்குப் போய், சல்லிசான விலையில் வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஏறியது. நடுவில் சறுக்கியது. மறுபடி ஏறியது. அவள் கை அரிக்கும்போதெல்லாம் மின்விசிறியைக் கழற்றினாள். அந்த மின்விசிறி பட்ட பாடு அதற்குத்தான் தெரியும்.

பதினோராம் வருடத்தில், தேவையான தொகை கண்ணுக்குத் தெரிந்தபோது, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வங்கி டெபாசிட்டுக்கு மாற்றத் தொடங்கினார்கள். இந்த முறை படிவத்தைக் கொண்டுவந்தவர் கணவர். நிதானமாக, புள்ளி விடாமல் கையெழுத்துப் போட்டார்.

"இப்ப மட்டும் ஏன் போடறீங்களாம்?"

"மாடி வந்துடுச்சு. கதவு தானா திறந்திருக்கு. இறங்கலாம்."

பதின்மூன்றாம் வருடம் வீடு அமைந்தது. மூன்றாவது மாடி, இரண்டு அறை, ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு பள்ளிக்கூட மைதானம். முக்கால்வாசி சொந்தப் பணம், மீதிக்குச் சின்னதாக ஒரு வங்கிக் கடன். அந்தக் கட்டடத்தின் லிஃப்டைப் பதினான்கு வருடமாகப் பார்த்துக்கொள்வது அவள்தான். அந்தப் பெட்டியின் ஒவ்வொரு திருகும் அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஒருநாளும் அதில் வீட்டுக்குப் போனதில்லை, வேலைக்குத்தான் போயிருக்கிறாள்.

சேதி கேட்டு அண்ணன் போன் செய்தான். "நிஜமாவே பெருமையா இருக்கு பாப்பா. யார் சொல்லிக் குடுத்தா? யாராவது பெரிய ஆளா?"

"ஆமா. எனக்குன்னு ஒரு மேனேஜர் வெச்சிருக்கேன்."

"அப்படியா! எவ்வளவு வாங்குறார்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய மேனேஜர் பனியனோடு தரையில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "வேளாவேளைக்குச் சாப்பாடு," என்றாள். "மத்தபடி ஒண்ணும் செய்ய மாட்டார். அதுல அவரை அடிச்சுக்க ஆளே இல்ல."

குடிபோகும் அன்று வாசல் காவலாளி பழக்க தோஷத்தில் பார்வையாளர் நோட்டை அவள் முன் தள்ளினார். அவளும் பழக்க தோஷத்தில் வாங்கி, தேதி எழுதி, நேரம் எழுதி, 'காரணம்' என்ற கட்டத்துக்கு வந்துவிட்டாள். பதினான்கு வருடமாக அதில் 'சர்வீஸ்' என்றுதான் எழுதியிருக்கிறாள். பேனா நின்றது.

காவலாளி நாக்கைக் கடித்துக்கொண்டார். "அய்யோ அக்கா, மன்னிச்சுக்கோங்க! இனிமே நீங்க எழுத வேண்டாம். உங்க வீடு இது."

"இருங்க. இன்னைக்கு ஒருநாள் எழுதிக்கறேன்."

'காரணம்' கட்டத்தில், எல்லைக்கோட்டைத் தாண்டி வழியும்படி பெரிதாக, 'வீட்டுக்கு' என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். கண் கலங்கியதால் கோடு கொஞ்சம் கோணிவிட்டது. பிறகு நோட்டை அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற மனிதர் பக்கம் திருப்பினாள்.

"நீங்களும் போடுங்க. இது உங்க கையெழுத்தும் இருந்தாத்தான் செல்லும்."

பின்னால் சாமான் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். லிஃப்ட் வந்து, கதவைத் திறந்து காத்திருந்தது. நத்தை அவசரப்படவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, புள்ளி விடாமல் போட்டு முடித்தார். யாரும் அவசரப்படுத்திவிடாதபடி, லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள்.