அடிவாரத்தில் பதினாறு ஜோடிச் செருப்பு

1.

இந்தக் கதை ஒரு விண்ணப்பப் படிவத்திலிருந்து திருடியது. நீங்களாகக் கண்டுபிடித்தால் மானம் போகும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அமலா முகையூர்ப் பெண். விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். கண்ணில் மாட்டினால் வேறு இடத்துக்கே போய்விட்ட மாதிரி இருக்குமே, அந்த விஆர் கண்ணாடியைப் பற்றி அவள் எழுதிய ஆய்வுக்கட்டுரையை ஜப்பானில் நடக்கும் மாநாட்டில் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் நேரில் வந்து பேச வேண்டும், இல்லாவிட்டால் கட்டுரையை நீக்கிவிடுவார்கள். போக வழியில்லாத மாணவர்களை மாநாட்டுக்காரர்களே அழைத்துப்போவதும் உண்டு. அதற்கு 'உன்னைப் பற்றி ஐந்நூறு வார்த்தை' எழுதித்தர வேண்டும். கெடு இன்று சாயங்காலம் ஐந்தரை. (அவர்கள் கணக்கில் நேற்றே கடைசி நாள். ஆனால் பூமியில் ஏதோ ஒரு தீவில் நேற்று இன்னும் முடியவில்லையாம். அந்தத் தீவு நல்லா இருக்கட்டும்.)

"அக்கா, நீங்க கதை எழுதறவங்களாச்சே. தமிழ்ல எழுதிக் குடுங்க, இங்கிலீஷ் நான் பண்ணிக்கிறேன்" என்று காலையிலேயே பஸ் பிடித்துத் திண்டிவனத்தில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

2.

தொடக்கம் ஒன்று: 'ஒழுகும் கூரையின் கீழ், மங்கிய விளக்கின்—'

"எங்க வூடு தளம் போட்டு ஒம்போது வருஷம் ஆவுதுக்கா."

தொடக்கம் இரண்டு: 'வெறுங்காலோடு வெகுதூரம் நடந்து பள்ளிக்கு—'

"டவுன் பஸ்ஸு வூட்டாண்டயே நிக்கும். ஃப்ரீ பாஸ் வேற."

தொடக்கம் மூன்று: 'பசி என்பது அவளுக்கு—'

அவள் தட்டில் என் வீட்டு இட்லி ஐந்தாவது போய்க்கொண்டிருந்தது. அந்த வரியை நானே அடித்துவிட்டேன்.

(முறைக்காதீர்கள். இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன். கூலிக்காரர் மகள் என்றால் கூரையை ஒழுகவிட்டுக் கை பழகிப்போச்சு.)

"அப்பா மல்லாட்டைக் கொல்லையில கடலை புடுங்கற கூலிக்குப் போறாரு, அது நெஜம். அத ஒரு வரி எழுதுங்க. மிச்சத்துக்கு நான் பண்ண வேலைய எழுதுங்க. பாவம்னு கூப்ட்டா அங்க போயி நான் இன்னாத்தப் பேசறது?"

சுருக்கென்றது. கொஞ்சம் கோபமும் வந்தது. இட்லியும் போட்டு ஏச்சும் வாங்க வேண்டுமா?

3.

சரி, அவள் வேலை.

கண்ணாடி மாட்டியவர் அந்த இடத்தில் இருப்பதாக உண்மையிலேயே நம்புகிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வழக்கமாகக் கேள்வித்தாள் கொடுத்து நிரப்பச் சொல்வார்களாம். அமலா அதைச் செய்யவில்லை. குன்றின் மேல் இருக்கும் பனமலைக் கோயிலைக் கல் கல்லாக போனில் படம் பிடித்துக் கண்ணாடிக்குள் கட்டினாள். ஊர்ப் பெண்கள் இருபது பேரை ஒரு ஹாலில் ஒவ்வொருவராக மாட்டிப் பார்க்கச் சொன்னாள். வேறெதுவும் சொல்லவில்லை. படி ஏறும் முன் கால் என்ன செய்கிறது என்று மட்டும் பார்த்தாள்.

பதினாறு பேர் செருப்பைக் கழற்றிவிட்டார்கள்! வெறும் சிமெண்ட் தரையில். மூன்று பேர் கழற்றவில்லை.

மிச்சம் வீரம்மாள். அவர் கழற்றினார், இரண்டடி நடந்தார், திரும்பி வந்து தடவித் தடவி எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"வுட்டுட்டுப் போனா எவனாச்சும் மாட்டிக்கினு பூடுவான். புதுசும்மா!"

"இவங்கதான் எல்லாரையும்விட நம்பினவங்க. பதினேழுன்னு போட்டுடு" என்றேன்.

"போட முடியாதுக்கா. கழட்டி வுட்டவங்கதான் கணக்கு. வீரம்மா அத்தைக்குத் தனியா ஒரு பாரா எழுதினேன். அதத்தான் மாநாட்டுக்காரங்க ரொம்ப நல்லாருக்குதுன்னாங்க."

4.

மணி ஐந்து. கதைக்கு ஓர் உச்சம் வேண்டுமே என்று நான் தவித்துக்கொண்டிருக்க, அமலா பையிலிருந்து கண்ணாடியை எடுத்து என் தலையில் மாட்டினாள்.

கல்லூரிக் கண்ணாடி, காதெல்லாம் இறுக்கியது. பனமலை அடிவாரத்து ஏரி தெரிந்தது. காற்றுகூட அடித்தது. (என் வீட்டு ஃபேன்தான்.) ஏமாறமாட்டேன் என்று வீம்பாகப் படி ஏறினேன்.

கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால், குதிகால் வலிக்காக டாக்டர் வீட்டுக்குள்ளேயே போடச் சொன்ன என் எம்.சி.ஆர் செருப்பு இரண்டும் பீரோ ஓரத்தில் கிடந்தன. எப்போது கழற்றினேன்? சத்தியமாகத் தெரியாது.

"இப்ப பதினேழு! ஜல்தி எழுது!"

"அதெல்லாம் சேத்தி இல்லக்கா. செருப்பத்தான் பாக்கறேன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

என் இரண்டு தொடக்கத்தோடு என் செருப்பையும் அடித்துவிட்டாள், படுபாவி. அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

5.

ஐந்து இருபதுக்கு அனுப்பிவிட்டாள். அப்பாவுக்கு ஒரு வரி, வீரம்மாளுக்கு ஒரு பத்தி, மிச்சமெல்லாம் வேலை. அதில் என் வார்த்தை பத்துகூட இல்லை.

முடிவு அ: ஜப்பானில் அரங்கம் நிறைந்த கைதட்டல், அமலா—

முடிவு ஆ: 'வருந்துகிறோம், இந்த ஆண்டு—'

இரண்டையும் அடித்துவிட்டேன். பதில் வர மூன்று வாரம் ஆகும். நான் இப்போதே காலண்டரில் நாளை எண்ணுகிறேன், அவள் ஆறாவது இட்லி கேட்கிறாள். ஒருவேளை என் ஒழுகும் கூரையை அனுப்பியிருந்தால் இடம் நிச்சயமோ என்று இன்னும் தோன்றிக்கொண்டேதான் இருக்கிறது.

ஆகவே, நீங்கள்தான் அந்தக் கமிட்டி. அமலா செய்ததை எல்லாம் படித்துவிட்டீர்கள். அவள் வீட்டுக் கூரை ஒழுகவில்லை. அழைப்பீர்களா?