கோட்டூர்புரம் ஆற்றில் விட்ட மீன்கள்

பக்கெட்டுக்குள் மீன் ஒன்று துள்ளி மூடியில் மோதியது. காரை நிறுத்திக்கொண்டிருந்த முத்துகிருஷ்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கடையில் வேலை செய்த தாரணியும் இப்படித்தான் தட்டினாள். தி.நகரில் அவருடைய துணிக்கடை எரிந்தபோது, பூட்டிய பின்கதவின் உள்ளே இருந்து. வேலை செய்யும் பெண்கள் புடவையைக் கடத்திவிடுவார்கள் என்று பூட்டியவர் அவரே. வெளியே சாவியோடு நின்றவரும் அவரே. புகையைப் பார்த்ததும் ஓடிவிட்டார். தாரணி உள்ளேயே செத்துப்போனாள். வாட்ச்மேன் பஞ்சாட்சரம் பூட்டியதாகப் போலீஸில் சொன்னார். பஞ்சாட்சரம் இப்போது சிறையில்.

அன்றிலிருந்து தூக்கமில்லை. கண்ணை மூடினால் நரகம். அடையாறு பகுதியில் இருந்த ஒரு புத்த பிக்குவிடம் போய், ''ஒரு உயிர் போக நான் காரணம்'' என்று மட்டும் சொன்னார். மனம் வருந்தணும், புத்தரைச் சரணடையணும், பரிகாரமா நல்லது செய்யணும், அந்தத் தப்பை மறுபடி செய்யக் கூடாது என்றார் பிக்கு. பரிகாரத்தைப் பிடித்துக்கொண்டார் முத்துகிருஷ்ணன். சாகப்போகும் மீன்களை வாங்கி ஆற்றில் விடுவது. பிக்குவும் கூட வந்திருந்தார்.

கரையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சொர்ணம் சிரித்தாள்.

''இன்னா நைனா, இதுலயா மீனு வுடப்போற? இந்தத் தண்ணில கொசுவே யோசிச்சுதான் எறங்குது!''

முத்துகிருஷ்ணன் காதில் விழவில்லை. பக்கெட்டை ஆற்றில் கவிழ்த்தார்.

கெண்டைகள் கொஞ்ச தூரம் ஓடின. பிறகு ஒவ்வொன்றாக மல்லாந்தன. வாய் திறந்து திறந்து மூடியது. முத்துகிருஷ்ணன் சேற்றில் இறங்கி அள்ளப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போயின.

''நல்லா கீது உன் புண்ணியம். கொழம்புக்காவது குடுத்திருக்கலாம்ல?''

''சாமி, இதுவும் என் பாவத்துல சேருமா?'' முத்துகிருஷ்ணன் பிக்குவைத் திரும்பிப் பார்த்தார்.

''இது தெரியாம செஞ்சது. அது?''

''தெரிஞ்சுதான்.''

''இப்ப நிறுத்தியாச்சா?''

முத்துகிருஷ்ணன் வாயைத் திறந்தார். பஞ்சாட்சரம் இன்னும் உள்ளேதானே இருக்கிறான்? எதை நிறுத்தினோம்? முழங்கால் சேற்றில் நின்றபடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

செல்போன் அடித்தது. வக்கீல் சந்திரமௌலி.

''சார், நாளைக்கு உங்க சாட்சி. பூட்டினது வாட்ச்மேன்னு ஒரே ஒரு வரி. கேஸ் முடிஞ்சுது.''

''பூட்டினது நான்.''

''சத்தமா பேசாதீங்க! ஜெயில்னா என்னன்னு தெரியுமா சார்? உங்களால ஒரு ராத்திரி தாங்க முடியாது. நாளைக்கு வரைக்கும் வாயைத் திறக்காதீங்க.''

நாளை வரை. அதுதான் அவரை நடுங்க வைத்தது. ஒரு ராத்திரி கிடைத்தால் மனசு மாறிவிடும். அவருக்கே அவரைத் தெரியும்.

''சாமி, சொல்லிட்டா இந்தப் பயம் போயிடுமா?''

''தெரியலை'' என்றார் பிக்கு. ''கூட வரேன்.''

காரை அங்கேயே விட்டுவிட்டார். சாலைக்கு ஏறி ஆட்டோவை நிறுத்தினார்கள்.

''எங்க சார் போவணும்?''

''தி.நகர் போலீஸ் ஸ்டேஷன்.'' முத்துகிருஷ்ணன் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ''வழியில திருப்பு, வீட்டுக்குப் போன்னு நான் கத்துவேன். திருப்பிடாதப்பா.''