வாய் திறக்காத ஒரு மணி நேரம்

ஸ்கேன் பிரிவில் நோயாளிகளிடம் நான் கெஞ்சுவது ஒன்றே ஒன்றுதான்: ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் படுத்திருங்கள். எந்தத் தசை வேலை செய்கிறதோ, ஊசியில் ஏற்றிய கதிரியக்க மருந்து அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். படத்தில் அந்த இடம் நோய் மாதிரியே ஒளிரும். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

அன்று வந்தவர் பஸ் டிரைவர். குரல்வளையில் வந்த புற்றுநோய், சிகிச்சைக்குப் பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். சொன்னதற்கெல்லாம் பூம்பூம் மாடு போல் தலையாட்டிவிட்டுப் படுத்தார். படத்தில் தொண்டை முழுக்க எரிந்தது. எது நோய், எது பேச்சு என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

"பேசுனீங்களாண்ணே?"

"மெதுவாத்தாம்மா பேசுனேன்."

போர்வைக்குள் செல்போன். இரண்டு வயது மகளுக்குக் கதை சொல்லிப் பதிவு செய்திருக்கிறார். "குரலை எடுத்துட்டாங்கன்னா, அப்பா எப்படிப் பேசுவாருன்னே அவளுக்குத் தெரியாம போயிடும்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருந்து, படம், காலையிலிருந்து கத்திய கத்தல் எல்லாம் விழலுக்கு இறைத்த நீர். திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. அந்தக் கோபமும் என் மேலேயே திரும்பியது: பேசாதீர்கள் என்று கத்தினேனே தவிர, பேச ஏதும் பாக்கி இருக்கிறதா என்று கேட்கவில்லை.

மறுவாரம் மீண்டும் வரச் சொன்னோம்; வந்தார். மருந்து ஈயப் பெட்டியில் தயார். வைத்திருக்க வைத்திருக்க வீரியம் குறையும் சரக்கு அது.

"முதல்ல கதையைச் சொல்லி முடிங்கண்ணே. அப்புறந்தான் ஊசி."

பஸ்ஸில் ஏறிய யானைக்கு எத்தனை டிக்கெட் கிழிப்பது என்று கண்டக்டர் தலையைச் சொறியும் கதை. மனிதர் ஒரு நிறுத்தம் விடாமல் சொன்னார். பிரிவுத் தலைவர் கதவைத் தட்டினார்.

"என்னம்மா பண்றே? மருந்து வீணாகுது!"

"யானை இன்னும் இறங்கல சார்."

ஒரு வழியாக யானை இறங்கியது. ஊசி போட்டேன். கண்காணிப்புக் கேமராவில் பார்த்துக்கொண்டே இருந்தேன். மனிதர் உதட்டைக்கூட அசைக்கவில்லை.

படம் வந்தது. தொண்டை இருட்டாக இருந்தது. இடது பக்கம் மட்டும் ஒரு புள்ளி, பளிச்சென்று. பேச்சின் மேல் பழி போட இந்த முறை வழியில்லை.

"வாயே திறக்கல, பாத்தீங்கல்ல? படம் நல்லா வந்திருக்காம்மா?"

முடிவைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். எனக்கு அந்த உரிமை இல்லை.

"தெளிவா வந்திருக்குண்ணே."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப இனிமே பேசலாமா?"

"பேசுங்கண்ணே," என்றேன். "நிறையப் பேசுங்க."